ஆளில்லாத ரயில் நிறுத்தம்: ஊர் டிக்கெட் எடுத்தால்தான் நிலைக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில், ஊரை ஒட்டினாற்போல் இருக்கிறது மடவார் வளாகம். வைத்தியநாத சுவாமி கோயிலால் பெயர் பெற்ற இடம். இந்த வட்டாரத்தில் கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் தென்னையும், மலையடிவாரத்தில் மாவும் உண்டு. ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டை மாம்பழத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலும், காயும், பழமும் தினமும் வெளியே போக வேண்டிய பூமி இது.

விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் ரயில் பாதை இந்த வட்டாரத்தின் வழியே போகிறது. 1927-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. இந்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இன்று பாசஞ்சர் ரயில் நிற்கும் இடங்கள் விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி ஆகியவை. ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டால் ராஜபாளையம்தான். ராஜபாளையத்தை விட்டால் சுமார் 30 கிலோமீட்டர் தாண்டிச் சங்கரன்கோவில். நடுவில் உள்ள கிராமத்தார் ரயிலைப் பார்க்கலாம், ஏற முடியாது. காய் மூட்டையோடு டவுன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களுக்காக ஏற்பட்டதுதான் ஹால்ட் என்னும் சிறு நிறுத்தம். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, போர்ட்டர் இல்லை, ரயில்வே ஊழியர் எவருமே இல்லை. ஒரு பெயர்ப்பலகை, ஒரு கொட்டகை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். ஆள் இல்லாத அந்த நிறுத்தத்தை நிலைநிறுத்துவது எது என்பதை, ஹால்ட் உள்ள ஊரார் மட்டுமல்ல, ஹால்ட் வேண்டும் என்று கேட்கும் ஊராரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஹால்ட் என்றால் என்ன?

பெரிய ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். அவர் அடுத்த ஸ்டேஷனுடன் தொடர்பு கொண்டு, பாதை காலியாக இருப்பதை உறுதி செய்து, சிக்னல் கொடுத்து ரயிலை அனுப்புகிறார். இதை பிளாக் ஸ்டேஷன் என்பார்கள். ஹால்ட்டில் இந்த வேலை எதுவும் கிடையாது. சிக்னலும் இல்லை; ரயில்கள் ஒதுங்கி நிற்கக் கிளைப் பாதையும் இல்லை. ரயில்வே விதிப்படி இது 'டி' வகுப்பைச் சேர்ந்தது. பஸ் ஸ்டாப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

டிரைவரிடம் உள்ள கால அட்டவணையில் இந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதன்படி நிறுத்துவார். பின் பெட்டியிலிருக்கும் கார்டு, ஏறுபவர் இறங்குபவரைக் கவனித்துப் பச்சைக் கொடி காட்டுவார். கார்டுக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் கிராமங்களில் இன்னும் கார்டு என்றே சொல்கிறார்கள். ரயில் நிற்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான்.

டிக்கெட் கொடுப்பது யார்?

ஹால்ட்டில் டிக்கெட் விற்க ஏஜெண்டு ஒருவரை ரயில்வே நிர்வாகம் ஒப்பந்த முறையில் அமர்த்துகிறது. அவர் ரயில்வே ஊழியர் அல்ல. மாதச் சம்பளமும் கிடையாது. விற்ற டிக்கெட் தொகையில் ஒரு பங்கு கமிஷனாகக் கிடைக்கும். ஏஜெண்டு வேண்டும் என்று அறிவிப்பு வரும்போது பொதுவாக அந்தப் பகுதியில் வசிப்பவர்களைத்தான் கேட்பார்கள். கல்வித் தகுதியும், காப்புத் தொகையும் அறிவிப்பில் சொல்லப்பட்டிருக்கும். ரயில் வரும் நேரத்தில் மட்டும் வேலை என்பதால், நிலத்தையும் பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய தொழில் இது.

ஆனால் டிக்கெட் விற்பனை குறைந்தால் கமிஷனும் குறையும். கட்டுப்படியாகாமல் ஏஜெண்டு விட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஏஜெண்டு போனபின் டிக்கெட் வாங்க வழியில்லை என்று சொல்லிச் சிலர் டிக்கெட் இல்லாமலே ஏறுவார்கள். விற்பனைக் கணக்கு இன்னும் இறங்கும். நிறுத்தம் நலிவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

கணக்கு பேசும்

ரயில்வே நிர்வாகம் 2017-இல் எல்லா ஸ்டேஷன்களையும் புதிதாக வகைப்படுத்தியது. ஹால்ட்டுகளுக்கு மூன்று வகை. ஆண்டு வருமானம் 50 லட்சம் ரூபாய்க்கு மேல், அல்லது பயணிகள் 3 லட்சத்துக்கு மேல் இருந்தால் முதல் வகை. வருமானம் 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை, அல்லது பயணிகள் 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை இருந்தால் இரண்டாம் வகை. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் மூன்றாம் வகை. என்னென்ன வசதி செய்து கொடுப்பது என்பதை இந்த வகையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஒரு கிராம நிறுத்தத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். தினம் 50 பேர் 10 ரூபாய் டிக்கெட் எடுத்தால் நாளைக்கு 500 ரூபாய். மாதம் 15,000 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். இது மூன்றாம் வகையிலேயே அடங்கிவிடுகிறது. 5 லட்சம் ரூபாயை எட்ட வேண்டுமானால் தினம் 137 டிக்கெட்டாவது விற்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், மில் வேலைக்குப் போகிறவர்கள், பூக்காரம்மாக்கள், சந்தைக்குப் போகும் விவசாயிகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று நாலைந்து கிராமம் சேர்ந்தால் இது எட்டாத எண்ணிக்கை அல்ல. ஆனால் ஏறுகிற ஒவ்வொருவரும் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

2020-இல் கொரோனா காரணமாக நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நின்றன. மறுபடி ஓடத் தொடங்கியபோது பாசஞ்சர் ரயில்களிலும் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். குறைந்தபட்சம் 30 ரூபாய். 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழையபடி 10 ரூபாய்க்கு வந்தது. இடைப்பட்ட நாளில் பஸ்ஸுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாறிப் போனவர்கள் பலர். அவர்கள் திரும்பி வந்தால்தான் சிறு நிறுத்தங்களின் கணக்கு தேறும்.

ரிடர்ன் டிக்கெட்டில் ஒரு விஷயம்

பலர் அறியாத ஒன்று உண்டு. டிக்கெட் எந்த ஸ்டேஷனில் விற்கப்பட்டதோ, அந்த ஸ்டேஷனின் வருமானமாகத்தான் அது எழுதப்படுகிறது. டவுன் ஸ்டேஷனில் போகவர இரண்டுக்கும் சேர்த்து ரிடர்ன் டிக்கெட் எடுத்தால், முழுத் தொகையும் டவுன் கணக்கில் சேரும். மாத சீசன் டிக்கெட்டை டவுனில் வாங்கினாலும் அப்படியே. தினம் நூறு பேர் ஏறி இறங்கும் ஹால்ட்டில், கணக்குப் புத்தகத்தில் இருபது பேர்தான் இருப்பார்கள்.

ஆகவே, ஏஜெண்டு உள்ள ஊரில் டிக்கெட்டை அவரிடமே வாங்க வேண்டும். ரிடர்ன் வேண்டுமானால் அதையும் புறப்படும்போதே ஊரில் எடுத்துவிடலாம். ஊருக்கு ஒரு காசும் கூடுதல் செலவில்லை.

ஏஜெண்டு இல்லாத இடத்தில் செல்போன் உதவும். 2025 ஜூலையில் வெளிவந்த ரயில்ஒன் செயலியில் முன்பதிவில்லா டிக்கெட்டும் எடுக்கலாம். புறப்படும் இடமாக ஹால்ட்டின் பெயரைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். காகிதமில்லா டிக்கெட்டை ரயிலில் ஏறிய பிறகோ, பாதையை ஒட்டி நின்றுகொண்டோ எடுக்க முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுவது நல்லது. செல்போனும் இல்லாதவர், ஏறும் முன்பே கார்டிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. சொல்லாமல் ஏறிப் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

ராஜஸ்தானில் ஒரு கிராமம்

டிக்கெட் கணக்கால் போகவிருந்த ஸ்டேஷனை, டிக்கெட் கணக்கைக் கொண்டே மீட்ட ஊர் ஒன்று உண்டு. ராஜஸ்தான் மாநிலம் நாகௌர் மாவட்டத்தில் உள்ள ஜால்சு நானக். ராணுவத்தில் பலர் பணியாற்றும் கிராமம் அது. அவர்கள் வந்துபோக வசதியாக 1976-இல் அங்கே ஒரு ஹால்ட் ஏற்பட்டது. வருமானம் போதவில்லை என்று 2005-இல் அதை மூட முடிவு செய்தார்கள். கிராமத்தார் 11 நாள் தர்ணா இருந்தார்கள். அதன்பின் ரயில்வே ஒரு நிபந்தனை விதித்தது. மாதம் 1,500 டிக்கெட், அதாவது தினம் 50 டிக்கெட் விற்றுக் காட்டினால் நிறுத்தம் நீடிக்கும் என்பதே அது.

ஊரார் வீட்டுக்கு வீடு வசூலித்து ஒன்றரை லட்சம் ரூபாய் திரட்டினார்கள். அதில் 1,500 டிக்கெட் வாங்கினார்கள். மீதிப் பணத்தை வட்டிக்கு விட்டு, டிக்கெட் விற்க ஊர்க்காரர் ஒருவரையே அமர்த்தினார்கள். தர்ணாவால் பேச்சுவார்த்தை நடந்தது. நிறுத்தம் நிலைத்தது டிக்கெட்டால்.

ஹரியானாவில் குர்கான் பக்கம் தாஜ்நகர் என்னும் ஊர் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஸ்டேஷன் வேண்டும் என்று 1980-களிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிடம் அதற்குப் பணமில்லை. ஊராரே சுமார் 21 லட்சம் ரூபாய் திரட்டி, ரயில்வேயின் அனுமதியுடன் பிளாட்பாரமும் டிக்கெட் அறையும் கட்டினார்கள். 2010 ஜனவரியில் அங்கே ரயில் நின்றது.

செல்வம் மிகுந்த ஜப்பானிலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே வடக்கில் உள்ள ஹொக்கைடோ தீவில் விவசாயக் கிராமங்களில் ஜனத்தொகை குறைந்துவிட்டது. ஆளில்லாத சிறு ஸ்டேஷன்கள் பலவற்றை 2021 மார்ச்சில் மூடிவிட்டார்கள். தொடர்ந்து வேண்டும் என்று சொன்ன ஊர்களில், பராமரிப்புச் செலவை உள்ளூர் நிர்வாகமே ஏற்றுக்கொண்டது.

விளைபொருள் கொண்டு செல்வோர் கவனத்துக்கு

ஹால்ட்டில் பார்சல் பதிவு கிடையாது. கையோடு கொண்டு போவதுதான் வழி. இரண்டாம் வகுப்பில் ஒருவர் 35 கிலோ வரை இலவசமாக எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல், பெரிய ஸ்டேஷனில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, மொத்தம் 70 கிலோ வரை உடன் கொண்டுபோகலாம். சீசன் டிக்கெட்காரர்களுக்கு இலவச அளவு குறைவு. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. ஆகவே டவுனிலிருந்து உரமூட்டையோடு திரும்புகிறவர் அங்கேயே லக்கேஜ் பதிவு செய்துவிட வேண்டும்.

ஒரு நிமிடத்தில் ஏற்றி முடிக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ஒரே பெரிய மூட்டையைவிட, ஒருவர் தூக்கக்கூடிய 15 கிலோ அளவில் இரண்டு கட்டுகளாகக் கட்டுவது நல்லது. தக்காளியைச் சாக்கில் கட்டினால் நெரிசலில் நசுங்கும். பிளாஸ்டிக் கிரேட்டே ஏற்றது. கீரையையும் பூவையும் ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் சொட்டாதபடி கூடையில் வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே வாசலில் முண்டாமல் பிளாட்பாரம் நெடுகப் பிரிந்து நின்றால், இறங்குகிறவர்களுக்கும் வழி கிடைக்கும். ஆடு, கோழியைப் பயணிகள் பெட்டியில் ஏற்றக்கூடாது. மண்ணெண்ணெய், கேஸ் சிலிண்டர், சிவகாசிப் பட்டாசு ஆகியவற்றுக்கும் அனுமதி இல்லை.

ரயில் நேரம் சந்தை நேரத்தோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் விலை முடிந்துவிடும் மல்லிகைக்கு, எட்டு மணி ரயிலால் பயனில்லை. தேங்காய், மாங்காய், கிழங்கு, வாழைத்தார் போன்று சில மணி நேரம் தாங்கும் சரக்குக்கே ரயில் ஏற்றது. பாம்புக்கோவில் சந்தை ஸ்டேஷன் சந்தையின் பெயரையே தாங்கி நிற்கிறது. சந்தைக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

நிழலும் பிளாட்பாரமும்

சிறு ஹால்ட்டுகளில் பிளாட்பாரம் பெரும்பாலும் தரை மட்டத்தில்தான் இருக்கும். பெட்டியின் படி உயரத்தில் இருப்பதால், தலைச்சுமையோடு பெண்கள் ஏறுவது சிரமம். வயதானவர்களுக்கு இன்னும் சிரமம். உயர்மட்ட பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஊரார் மனுக் கொடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கொட்டகை அதற்கு அடுத்தது.

கொட்டகை வரும் வரை வெயிலுக்கு மரம் உண்டு. வேம்பு, புங்கம், பூவரசு ஆகியவை இந்த மண்ணில் நன்றாக வரும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஆனால் ரயில்வே நிலத்தில் அனுமதி இல்லாமல் நடக்கூடாது. விருதுநகர் – தென்காசிப் பாதை இப்போது மின்பாதை. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. உயர்ந்து வளரும் தென்னை, சவுக்கு போன்றவற்றைப் பாதை ஓரத்தில் வைக்கவே கூடாது. நீண்ட மூங்கில், இரும்புக் குழாய், தொரட்டிக் கம்பு ஆகியவற்றை நிமிர்த்திப் பிடித்தபடி தண்டவாளத்தைக் கடப்பதும் ஆபத்து. கம்பியைத் தொடாவிட்டாலும், நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

மின்சார ரயில் டீசல் ரயிலைப் போல இரைந்து வருவதில்லை. ஹால்ட்டில் மணி அடித்து எச்சரிக்கவும் ஆளில்லை. கேட் உள்ள இடத்தில், அல்லது சுரங்கப் பாதையில் மட்டுமே கடக்க வேண்டும். பாதை ஓரத்துப் புல்லில் மாட்டைக் கட்டி விடுவதும் கூடாது.

புதிதாகக் கேட்கும் ஊரார் செய்ய வேண்டியவை

மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்த பாதை இது. நிறுத்தம் கேட்கும் மனுவை மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு அனுப்ப வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் மூலமும் கோரலாம். இரு பக்கமும் உள்ள ஸ்டேஷன்கள் எவ்வளவு தூரம், அந்த இடத்தில் பாதை வளைவோ ஏற்றமோ உள்ளதா, பஸ் வசதி எப்படி, நிற்பதால் மற்ற ரயில்கள் தாமதப்படுமா, தினம் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பனவற்றை ரயில்வே பார்க்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் போல ஒற்றைப் பாதையாகவும், இரு ஸ்டேஷன்களுக்கும் பஸ் வசதி உள்ளதாகவும் இருக்கும் இடங்களில், ஆள் கணக்கு வலுவாக இருந்தால்தான் மனு எடுபடும்.

ஆகவே கையெழுத்து வாங்கும் முன் கணக்கெடுக்க வேண்டும். எந்தெந்தக் கிராமத்திலிருந்து, எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்த ஊருக்குப் போகிறார்கள், இப்போது எதில் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பள்ளி விடுமுறை நாளையும், சந்தை நாளையும் தனியே குறிக்க வேண்டும். பால் சங்கமும், உழவர் குழுவும் சேர்ந்து செய்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலைதான்.

இந்தக் கணக்கெடுப்பிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும். தினம் 50 பேர் தேறவில்லை என்றால், ஹால்ட் கிடைத்தாலும் நிலைக்காது. அப்படிப்பட்ட இடத்தில், ரயில் நேரத்தை ஒட்டி டவுன் ஸ்டேஷனுக்கு ஒரு மினி பஸ் கேட்பதே மேல். அதற்குச் செலவும் குறைவு, பலனும் விரைவில் கிடைக்கும். மடவார் வளாகம் போன்று டவுனை ஒட்டிய ஊர்களுக்கு இந்த வழியே பொருந்தும். ராஜபாளையத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே ரயில் நிற்காத நெடுந்தூரத்தில் உள்ள ஊர்களோ, கணக்கெடுத்து நிறுத்தம் கேட்பதில் நியாயம் உண்டு.

ஏற்கெனவே நிறுத்தம் உள்ள ஊராருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பத்து ரூபாய் டிக்கெட்டை மிச்சப்படுத்தினால், அந்தப் பத்து ரூபாய் மிஞ்சும், நிறுத்தம் மிஞ்சாது. நாளை காலை ரயிலுக்குப் போகிறவர்கள், ஊர் ஏஜெண்டிடமே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும்.